‘கொங்கு’ என்பது 3 எழுத்து: எங்கள் செயலிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

வணக்கமுங்க.

படமோ காணொளியோ இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து நடக்கும் எங்கள் சமூக ஊடகச் செயலி இப்போது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் எல்லோருக்கும் கிடைக்கிறது. இதற்குத் தோள்கொடுத்தவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று பரவி இருக்கிறீர்கள். உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே யார் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்து கொடுத்தீர்கள் என்பதை எழுதுகிறோம். இதே வேலையில் இறங்கப்போகும் அடுத்த குழுவுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, எழுத்தை எண்ணக் கற்றுக்கொடுத்த தமிழாசிரியர்களுக்கும் டிடிபி கடைக்காரர்களுக்கும். ஒரு பதிவுக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைப்பது கேட்கச் சுலபமாக இருக்கும். ‘கொங்கு’ என்ற சொல்லைப் படிப்பவர் 3 எழுத்து என்பார். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் அது 6 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட். ஐபோன் செயலிகளை எழுதும் ஸ்விஃப்ட் மொழி இதை 3 என்று எண்ணும். ஆண்ட்ராய்டின் கோட்லின் 6 என்று எண்ணும். எந்தக் கணக்கு என்று முடிவு செய்யாமல் விட்டால், ஒரே பதிவை ஒரு போன் ஏற்கும், இன்னொரு போன் நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பும். வாசகர் எண்ணுவதுபோலத்தான் எண்ண வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். அதனால் போன், சர்வர் எல்லா இடத்திலும் ஒரே விதி: கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கொத்து ஒன்றுக்கு ஒரு எண்.

அதோடு பைட்டுக்கும் ஒரு மேல்வரம்பு தேவை. ஒரே எழுத்தின் மேல் ஆயிரக்கணக்கில் குறிகளை அடுக்கி, கணக்கில் ‘1 எழுத்து’ என்று காட்டித் திரையையே நிரப்பிவிட முடியும். புளூஸ்கை என்ற சமூக ஊடகம் 300 எழுத்துக் கொத்து, 3,000 பைட் என்று இரண்டு வரம்பையும் சேர்த்தே வைத்திருப்பதன் பயன் இதில் தெரிகிறது. 300 எழுத்தும் உயிர்மெய்யாகவே இருந்தாலும் தமிழுக்கு 1,800 பைட்தான் ஆகும். எனவே அந்த இரட்டை வரம்பு நமக்குத் தாராளம்.

டிடிபி கடைக்காரர்கள் காட்டிய இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. ‘கொ’ என்பதைச் சிலர் ஒரே குறியாக அடிப்பார்கள். சில பழைய விசைப்பலகைகள் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாக அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காது. எல்லாப் பதிவையும், ஒரே எழுத்தின் வேறுபட்ட வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கத்தில் ஓட்டிவிட்டுச் சேமித்தால் இது தீர்ந்துவிடும். ஆனால் ‘கௌ’ என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, ககரம், ளகரம் என்று அடிப்பவர்கள் ஏராளம். அதை எந்தச் சீராக்கமும் தொடாது, ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையான ளகரம். தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும்படி ஒரு விதி எழுதினோம். எழுதியவரின் பதிவில் கைவைக்கவில்லை.

ஹேஷ்டேக்கிலும் இதே வம்பு உண்டு. ‘எழுத்து’ என்ற யூனிகோடு வகையை மட்டும் ஏற்கும்படி நிரல் எழுதினால், ‘தமிழ்’ என்ற ஹேஷ்டேக் ‘தம’ என்பதோடு அறுந்துபோகும். கொக்கியும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகையில் இருப்பதுதான் காரணம். எழுத்து, குறி, எண் மூன்றையும் சேர்த்து ஏற்க வேண்டும்.

தேடலில் ‘ஈரோடு’ என்று தட்டினால் ‘ஈரோட்டில்’, ‘ஈரோட்டுக்கு’ என்றிருக்கும் பதிவுகள் வராமல் போவதை நீங்கள்தான் முதலில் பிடித்தீர்கள். வேற்றுமை உருபு ஏறும்போது டு, ட்டு ஆகிவிடுகிறது. முழுச்சொல்லைப் பொருத்தாமல் மும்மூன்று குறியீடாக வெட்டிப் பொருத்தும் முறைக்கு மாறியபின் பெரும்பாலும் வருகிறது. இன்னும் முழுமை இல்லை, வேலை நடக்கிறது.

பொத்தான்களுக்குத் தமிழ் கொடுத்தவர்களே, உங்கள் உழைப்பு யார் கண்ணிலும் படாது, படாமல் இருப்பதே அதன் சிறப்பு. எழுத்துச் செயலியில் ‘மியூட்’ என்பதை ‘ஒலியடக்கு’ என்றால் யாருக்கும் விளங்காது, ‘இவர் பதிவைக் காட்டாதே’ என்றால் விளங்கும் என்றீர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயனர்பெயருக்குப் பின்னால் ‘-ஐத்’ என்று ஒட்டவைத்தால் பார்க்கவே கோரமாக இருக்கிறது என்று வாக்கியத்தையே ‘நீங்கள் தடுத்தவர்:’ என்று மாற்றிக் கொடுத்தீர்கள். வரி உயரத்தைக் கூட்டச் சொன்னதும் நீங்களே. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரியில் ‘கீ’யின் சுழியும் ‘கூ’வின் வாலும் வெட்டுப்பட்டுத் தெரியும்.

சர்வர் பக்கம் ராத்திரி பகல் பாராமல் நின்ற நண்பர்களுக்கு அடுத்த நன்றி. நீங்கள் தடுத்த மூன்று கோளாறுகளைச் சொன்னால் போதும். பதிவு எண்கள் 64 பிட் நீளம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் 9,007,199,254,740,992 என்ற எண்ணைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் பிசகும். ஒரு பதிவுக்குப் போட்ட விருப்பம் இல்லாத பதிவைத் தேடிப்போகும். எண்ணை எழுத்துச்சரமாக அனுப்பினால் தீர்ந்தது. அடுத்தது, திம்பம் மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது ‘வெளியிடு’ பொத்தானை இரண்டு தடவை தட்டினால் பதிவும் இரண்டாகும். பதிவு எழுதத் தொடங்கும்போதே போன் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, அதையும் சேர்த்து அனுப்புகிறது. அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதையும் சேமிக்காது. மூன்றாவது, போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. திறப்பு நாளில் சர்வரில் இடம் இருக்கும், நினைவகம் இருக்கும், ஆனால் செயலி திறக்காது. நடுவில் இணைப்புகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடுக்கை முன்கூட்டியே வைத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, காப்புப்பிரதியை வேறொரு வெறும் சர்வரில் மீட்டெடுத்துப் பார்த்தது. மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதியை நம்பக் கூடாது.

ஓடிபி குறுஞ்செய்திக்கு அலைந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஓடிபி அனுப்ப, டிஎல்டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தளத்தில் பதிவது கட்டாயம்: முதலில் நிறுவனம், பிறகு அனுப்புநர் தலைப்பு, பிறகு செய்தியின் வார்ப்பு (டெம்ப்ளேட்). பதிந்த வார்ப்புக்கும் அனுப்பும் செய்திக்கும் ஓர் இடைவெளி வித்தியாசம் இருந்தாலும் செய்தி போய்ச் சேராது. தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்துக்கு 160. அந்த 70க்குள் 6 இலக்க ஓடிபியும், ஆண்ட்ராய்டு தானாகப் படித்துக்கொள்வதற்கான 11 எழுத்துச் சாவியும் அடங்க வேண்டும். மிஞ்சுகிற 53க்குள், அதுவும் இடைவெளிகளைச் சேர்த்து, மரியாதை குறையாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதிக் கொடுத்தீர்கள். ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்ப ஓடிபி கேட்டுச் செலவை ஏற்றுகிற மோசடிக்கு முதல் நாளே கட்டுப்பாடு வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

சோதனையாளர்களே, நீங்கள் இல்லாமல் கூகுள் பிளே வாசலையே தாண்டியிருக்க முடியாது. நவம்பர் 2023க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால் குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள், மூடிய சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஆள் விலகி எண்ணிக்கை 12க்குக் கீழே போனால் சிக்கல். ஆகவே 12 பேரோடு நிறுத்தாமல் கூடுதலாகச் சிலரைச் சேர்த்துக்கொள்வதே நல்லது. சும்மா நிறுவி வைத்திருப்பதும் உதவாது, சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள், எதைத் திருத்தினீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். வால்பாறையிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் நீங்கள் அனுப்பிய குறிப்புகள் அங்கே அப்படியே பயன்பட்டன. ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாமல் போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தப் பொத்தானுக்குப் பின் நின்றது, நெட் எப்படி இருந்தது என்று நாலும் எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட குறிப்பு ஒன்று வந்தால் அரைநாள் வேலை மிச்சம்.

ஆப்பிள் பக்கம் கேட்கும் நிபந்தனைகள் வேறு. பயனர்கள் எழுதும் செயலி என்றால் ஆட்சேபகரமானதை வடிகட்டும் வழி, புகார் செய்யும் வழி, ஒருவரைத் தடுக்கும் வழி, எங்களைத் தொடர்புகொள்ளும் முகவரி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கணக்கைச் செயலிக்குள்ளேயே அழிக்கும் வசதியும் வேண்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டும் பலர் திருப்பி அனுப்பப்படுவது ஒரு சின்னக் காரணத்தால்: பரிசீலிப்பவர் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபியைப் பெற முடியாது. மாறாத ஓடிபியோடு ஒரு மாதிரிக் கணக்கைக் குறிப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியவருக்கு நன்றி.

சட்டம் பார்த்துக் கொடுத்த வழக்கறிஞர்கள் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் வெளியே தெரிய வேண்டும். அந்த விதிகள் முதலில் வந்தபோது புகாரைப் பெற்றதாக 24 மணி நேரத்துக்குள் பதில், 15 நாளுக்குள் தீர்வு என்று இருந்தது. திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால் கெடு எவ்வளவு என்பதை அரசிதழைப் பார்த்தே முடிவு செய்யச் சொன்னார்கள். கணக்கை அழித்தபின்னும், கணக்குத் தொடங்கும்போது கொடுத்த விவரத்தை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது அதே விதி. அதை மறைக்காமல், அழிக்கும் திரையிலேயே எழுதிவிடுங்கள் என்றது அவர்கள் அறிவுரை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோர் ஒப்புதல் தேவை என்பதையும் வடிவமைக்கும்போதே நினைவுபடுத்தினார்கள். கட்டி முடித்தபின் அதை நுழைப்பது சுவரை இடித்துக் குழாய் பதிப்பதுபோல.

இனி, எங்கள் மனதில் முதலிடத்தில் இருக்கும் கண்காணிப்புக் குழுவினர். வசைச்சொல் பட்டியல் ஒன்றை வைத்துத் தடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். திட்டுகிறவர்கள் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், நடுவே இடைவெளி விடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியைச் செருகுவார்கள், பட்டியல் தோற்றுவிடும். அதைவிடக் கடினம் நம் ஊர்ப் பேச்சு. இங்கே ‘ங்க’ போட்டு, மரியாதை துளியும் குறையாமல் ஒருவரை மிரட்ட முடியும். ‘பொழுதோட ஊட்டுப் பக்கம் வாரனுங்க, பேசிக்கலாமுங்க’ என்பதில் எந்த வசைச்சொல்லும் இல்லை. ஒரம்பரையாக (விருந்தாளியாக) வருகிறாரா, அடிக்க வருகிறாரா என்பது மேலே உள்ள பத்துப் பதிவைப் படித்தால்தான் தெரியும். அதனால்தான் புகார் வந்தால் ஒரு பதிவை மட்டும் காட்டாமல் முழு உரையாடலையும் காட்டச் சொன்னீர்கள்.

புகார் எண்ணிக்கையை வைத்துத் தானாக மறைக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். ஒரு வாட்ஸப் குழுவில் சொல்லிவைத்து ஐம்பது பேர் ஒரே நேரத்தில் புகார் தட்டினால், ஒரு பெண்ணின் நியாயமான பதிவு பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும். சாதி சம்பந்தப்பட்ட புகாரை இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முடிவு மாறுபட்டால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். பதிவு எழுதியவரையோ புகார் கொடுத்தவரையோ தெரிந்தவர் ஒதுங்கிவிட வேண்டும். மேல்முறையீடு முதலில் பார்த்தவரிடமே திரும்பப் போகக் கூடாது. நீக்கினால் எந்த வரிக்காக, எந்த விதிப்படி என்று தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். இத்தனையும் நீங்கள் வகுத்தவை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் தொடர்ந்து இந்தப் புகார் வரிசையைப் பார்க்கக் கூடாது என்ற விதியை மட்டும் நாங்கள் சேர்த்தோம். அதைத் தயவுசெய்து மீறாதீர்கள்.

புதிதாக வருபவருக்குத் திரை வெறுமையாக இருந்தால் அடுத்த நாள் வரமாட்டார். ஈரோட்டு விரலி, கிழங்கு மஞ்சள் விலை, நாமக்கல் முட்டை விலை, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்த செய்தி, திருப்பூரில் தையலுக்கு ஆள் தேவை என்று, கதவு திறக்கும் முன்பே தினமும் எழுதி நிரப்பியவர்களுக்கு நன்றி. அழைப்புக் குறியீடு கொடுத்துச் சிறுசிறு அலையாக ஆட்களை உள்ளே விட்டதும் இதற்காகத்தான். பிளேயில் முதல் வெளியீட்டைச் சதவீதம் பிரித்து விட முடியாது. அந்த வசதி அடுத்தடுத்த பதிப்புகளுக்குத்தான். முதல் கூட்டத்தை நாமே வாசலில் நின்று அளந்துவிட வேண்டும்.

சோதனையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் இன்னும் சோதனைப் பதிப்பில்தான் இருக்கிறீர்கள். சேரும்போது எந்த இணைப்பைத் தட்டினீர்களோ, அதே பக்கத்தில் விலகும் பொத்தானும் உண்டு. விலகியபின் செயலியை நீக்கிவிட்டுப் பொதுப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். வரைவுகள் உங்கள் போனில் மட்டுமே இருக்கின்றன, சர்வரில் இல்லை. நீக்கினால் அவையும் போய்விடும். பாதியில் நிறுத்திய பதிவு ஏதும் இருந்தால் முதலில் வெளியிட்டுவிடுங்க, இல்லை வேறெங்காவது நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்க.

அன்புடன்,
செயலிக் குழுவினர்
கோயம்புத்தூர்