கேமராவே விளக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரீயூனியன் தீவு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீ வராமலேயே இருக்கிறாய் என்று அவருக்கு வருத்தம். இங்கே மொரிஷியஸில் காவடி முடிந்து ரோஸ் ஹில் வீடு பழைய நிலைக்கு வந்துவிட்டது. நான் இறுதியாண்டுப் படத்தில் மூழ்கியிருக்கிறேன்.

பேய்ப்படம்தான், ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகை, அதாவது யாரோ எடுத்த வீடியோ பிறகு கிடைத்தது போலக் காட்டும் படம். கதை உனக்குத் தெரிந்ததுதான். 1994இல் ஹொலண்டா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத இரவுகளில் தீவெங்கும் பரவிய தூனி மின்வி பயம் ஞாபகமிருக்கிறதா? துணியில்லாமல் நள்ளிரவில் கூரைமேல் ஓடுகிறவன் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அவன்தான். அந்த நாட்களில் ஒரு வீட்டில் பதிவான வீடியோ கேசட் இப்போது கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டோம்.

இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான் வரும். உயிர் போகிற நேரத்தில் ஏன் கேமராவைக் கீழே போடாமல் ஓடுகிறார்கள்? 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' கேமரா ஆடுவதையே அழகாக்கியது. நடிகர்களே கேமராவைப் பிடித்தார்கள், முழு வசனம் எழுதித் தராமல் அன்றன்றைக்குக் குறிப்பு மட்டும் கொடுத்தார்கள். 2007இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படுக்கையறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து அந்தக் கேள்வியைப் பாதி தீர்த்தது. எங்கள் கதையிலோ விடை தானாகவே வந்தது: வீட்டில் வேறு வெளிச்சமே இல்லை. மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. கேமராவில் பொருத்திய சின்ன விளக்குதான் மிச்சம், அதுவும் பதிவு ஓடினால்தான் எரியும்.

இதனால் எல்லாமே மாறியது. கேமரா பயத்தைத் தேடிப் போகவில்லை, வெளிச்சம் தேவைப்படும் இடத்துக்குப் போகிறது. பாட்டி அரிசி களைகிறாள், பையனின் காலில் முள் எடுக்கிறார்கள், அப்பா தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறார். கூரைமேல் சத்தம் கேட்கும்போது படத்தில் தெரிவது அரிசிப் பானை மட்டும். பின்னணி இசை கிடையாது. அந்தக் கால கேமராக்கள், சுற்றிலும் அமைதியானால் மைக்கின் சத்தத்தைத் தானாகவே கூட்டிக்கொள்ளும், இரைச்சல் மெல்ல மேலே வரும். அந்த இரைச்சல் ஏறுவதை மட்டும் கேட்டே வகுப்பில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்புறம், இந்தப் படங்கள் பெரும்பாலும் தொடாத இன்னொரு கேள்வி: கேசட்டை வெட்டி ஒட்டி நமக்குக் காட்டுவது யார்? தொடக்கத்தில் திரையில் ஒரு வரி எழுத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் படத்தில் அவள் ஒரு பாத்திரம், அந்த வீட்டு மகள். வெளியே பேய் இல்லை. தெருவில் தடியோடு காவல் நிற்கும் ஆண்கள் ஒரு ஆளைப் பிடித்து அடிக்கிறார்கள். அப்பா விளக்குக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அடிப்பவர்களுக்கு வெளிச்சம் காட்டுவது நம் கேமராதான். அந்த இடத்தில் மகள் கேசட்டை நிறுத்துகிறாள், பின்னால் ஓட்டுகிறாள், மறுபடி பார்க்கிறாள், கொஞ்சத்தை வெட்டுகிறாள். திரை கறுப்பாகிறது.

'உண்மைச் சம்பவம்' என்று முதலில் போட வேண்டும் என்று குழுவில் ஒருவன் பிடிவாதமாக இருக்கிறான். 1980இல் வந்த 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படத்தில் நடந்த கொலைகள் நிஜம் என்ற சந்தேகம் வந்து, நடிகர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று இயக்குநர் காட்ட வேண்டியிருந்தது. அதை அவன் சாதனையாகச் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது சின்னத் தீவு. அடிபட்டவன் யார், அடித்தவர் யார் என்று ஜனங்கள் தேட ஆரம்பித்தால் ஒரு பாவமும் அறியாத குடும்பத்தின் மேல் பழி விழும். கற்பனை என்று தெரிந்தே பயப்படட்டும், அதுதான் நம் வேலை.

ஒன்றுதான் முடிவாகவில்லை. மகள் வெட்டிய துண்டைக் கடைசியில் காட்டலாமா, சத்தத்தை மட்டும் விடலாமா? சத்தம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அப்பாவின் முகத்தை ஒரு நொடி பார்க்க வேண்டும் என்றும் மனசு கேட்கிறது. இரண்டு எடிட்டையும் அனுப்புகிறேன். ராத்திரி குட்டி தூங்கிய பிறகு ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டு, மழுப்பாமல் எழுது.

அம்மா விசாரித்ததாகச் சொன்னார்.

அன்புடன்,
உன் தோழி