பெரிய ஏசி வாங்கும் முன் டக்ட்டைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏற ஏற எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "ஏசி நாள் முழுக்க ஓடுகிறது, வீடு குளிர மாட்டேன் என்கிறது. கேஸ் குறைந்துவிட்டதா? இல்லை, இன்னும் பெரிய மெஷின் போட வேண்டுமா?" டக்ட், அதாவது காற்றுக் குழாய், வழியாக வீடு முழுக்கக் காற்று போகும் சென்ட்ரல் ஏசி உங்களுடையது என்றால், அந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: மெஷின் குளிர்விக்கிற காற்று முழுவதும் உங்கள் அறைக்கு வந்து சேருகிறதா?

பெரும்பாலான வீடுகளில் சேருவதில்லை. டக்ட் உள்ள சாதாரண வீட்டில் அதற்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலும், ஓட்டையிலும், சரியாகப் பொருந்தாத இணைப்பிலும் வீணாகிறது என்று அமெரிக்காவின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்கிறது. குளிர்நாட்டில் இது ஒரு நஷ்டம். வெயில் ஊரில் இரட்டை நஷ்டம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம். இது புரிந்துவிட்டால் எந்த வேலைக்குச் செலவு செய்ய வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

டக்ட் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் சீலிங்குக்கு மேலே, கூரைக்கு நேர் கீழே. கோடைப் பிற்பகலில் அந்த இடம் 55 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். டக்ட்டுக்குள் ஓடும் காற்றோ 13, 14 டிகிரி. வீட்டிலேயே மிகச் சூடான இடத்தின் வழியாகத்தான் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த காற்றை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ரிட்டர்ன் பக்கம், சப்ளை பக்கம் என்று இரண்டு உண்டு. அறையிலிருந்து காற்றை மெஷினுக்கு இழுத்துப் போவது ரிட்டர்ன். குளிர்ந்த காற்றை அறைக்குக் கொண்டுவருவது சப்ளை. கசிவு என்றதும் எல்லோருக்கும் சப்ளைதான் நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் அங்கே கை வைத்தால் ஜில்லென்று காற்று வெளியே அடிப்பது தெரியும். எங்களைக் கேட்டால் ரிட்டர்ன் கசிவுதான் மோசமானது. அது எதையும் வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கும். அதனால் கண்ணிலும் படாது, கையிலும் படாது.

ஒரு சின்னக் கணக்கு. அறைக் காற்று 24 டிகிரி. ரிட்டர்ன் டக்ட்டில் ஒரு விரிசல் இருந்து, மெஷினுக்குள் போகும் காற்றில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மேலேயுள்ள 55 டிகிரி காற்று என்று வைத்துக்கொள்வோம். கலந்த காற்றின் சூடு 27 டிகிரிக்கு வந்துவிடும். மெஷினுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான "காயில்" அதைச் சுமார் 11 டிகிரி குறைக்கிறது என்றால், 13 டிகிரியில் வர வேண்டிய காற்று 16 டிகிரியில் வருகிறது. அறைக்கும் வரும் காற்றுக்கும் 11 டிகிரி வித்தியாசம் இருந்த இடத்தில் இப்போது எட்டுதான். அதாவது பத்து சதவீதக் கசிவு, நான்கில் ஒரு பங்குக்கும் மேலான குளிர்ச்சியைத் தின்றுவிட்டது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கேஸும் சரியாகவே இருக்கும். புழுக்கமான ஊராக இருந்தால் உள்ளே வந்த காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவும் காயில் சக்தியைச் செலவழிக்க வேண்டும், ஆகவே நிலைமை இன்னும் மோசம். இதே டக்ட்டில் பெரிய மெஷினை மாட்டினால் என்ன ஆகும்? காற்றை இன்னும் வேகமாக இழுக்கும், கசிவும் கூடும்.

சப்ளை கசிவு வேறு விதமாக வேலை காட்டும். காசு கொடுத்துக் குளிர வைத்த காற்று சீலிங்குக்கு மேலே போய்விடுகிறது என்பது ஒரு பாதி. மறுபாதி பலருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து ரிட்டர்ன் எடுத்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வராததால் வீட்டுக்குள் காற்றழுத்தம் லேசாகக் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட வெளியே இருக்கிற சூடான, ஈரமான காற்று கதவு இடுக்கிலும், ஜன்னல் சந்திலும், லைட்டுக்காகச் சீலிங்கில் போட்ட துளையிலும் புகுந்து வரும். ஏசி ஓடும்போதுதான் வீட்டில் தூசி அதிகமாகப் படிகிறது, ஏதோ மண் வாடை வருகிறது என்று சொல்லும் வீடுகளில் இதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளே புகைக்குழாய் வைத்த கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அழுத்தம் இப்படிக் குறைவது ஆபத்து. வெளியே போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமில்லை, மணமில்லை, உயிரைக் கொல்லும். அப்படிப்பட்ட வீடுகளில் டக்ட் வேலைக்கு முன்னும் பின்னும் புகைக்குழாய் சரியாக இழுக்கிறதா என்று சோதித்த பிறகுதான் நாங்கள் கிளம்புவோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

சரி, கசிவு இருக்கிறதா என்று நீங்களே எப்படிப் பார்ப்பது? மெஷினின் ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். பிளோயர் (காற்றைத் தள்ளும் அந்த ஃபேன்) பெட்டியின் மூலைகள், ஃபில்டர் செருகும் இடம், பெட்டியும் டக்ட்டும் சேரும் இடம் ஆகியவற்றின் அருகே கொளுத்திய ஊதுபத்தியைக் கொண்டு போங்கள் (துணி, பஞ்சு அருகே வேண்டாம்). புகை உள்ளே இழுபட்டால் ரிட்டர்ன் கசிவு, தள்ளப்பட்டால் சப்ளை கசிவு. அறையில் காற்று வரும் திறப்பின் மூடியான கிரில்லைச் சுற்றிச் சீலிங்கில் கருப்புக் கோடாகத் தூசி படிந்திருந்தால், கிரில்லுக்குப் பின்னால் உள்ள தகரப் பெட்டிக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே சந்து இருக்கிறது என்று அர்த்தம். டக்ட்டின் மேலே சுற்றிய கண்ணாடிப் பஞ்சில் ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தால் அதற்கு அடியில் ஓட்டை. பஞ்சு காற்றை நிறுத்தாது, வடிகட்டத்தான் செய்யும். கசிகிற காற்றில் இருந்த தூசி அங்கே தங்கிவிடுகிறது. இன்சுலேஷன் புதிதாகச் சுற்றியாயிற்று, இனிக் கசியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முறையான சோதனை வேறு. எல்லா கிரில்லையும் ஒட்டி மூடிவிட்டு, அளவீட்டு ஃபேன் ஒன்றை டக்ட்டில் பொருத்தி, உள்ளே 25 பாஸ்கல் அழுத்தம் வரும் வரை காற்றைத் தள்ளுவோம். அந்த அழுத்தத்தைத் தக்கவைக்க எவ்வளவு காற்று தேவைப்படுகிறதோ, அதுதான் கசிவின் அளவு. அமெரிக்காவின் வீட்டு எரிசக்தி விதிகளில் 100 சதுர அடி தளப்பரப்புக்கு நிமிடத்துக்கு 4 கன அடி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் உச்ச வரம்பு. வேலைக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களிடமும் கேளுங்கள், யாரைக் கூப்பிட்டாலும் கேளுங்கள்.

அடைப்பதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் நிறைய வீடுகள் ஏமாறுகின்றன. டக்ட் டேப் என்று கடையில் விற்கும் சாம்பல் நிறத் துணி டேப், பெயரில்தான் டக்ட்டுக்கு ஆனது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மன், இயான் வாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல வகை அடைப்பான்களைச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைத்துச் சோதித்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றவை தாக்குப்பிடித்தன. துணி டேப் மட்டும் கழன்றுபோனது. பழைய டக்ட்டைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம்: பசை பொடியாக உதிர்ந்திருக்கும், வெறும் துணி தொங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் தேர்வு மாஸ்டிக். பிரஷ்ஷால் பூசுகிற கெட்டியான பசை, காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். பிளோயர் பெட்டிக்கு மேலே தகர டக்ட் உட்காரும் இணைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதலில் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்க வேண்டும். அப்புறம் இணைப்பு ஆடாமல் ஸ்க்ரூ போட வேண்டும். மாஸ்டிக் காற்றைத்தான் தடுக்கும், எடையைத் தாங்காது. உருண்டை டக்ட் என்றால் ஓர் இணைப்புக்குக் குறைந்தது மூன்று ஸ்க்ரூ. பிறகு சந்தின் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் படும்படி, தகரம் தெரியாத அளவுக்கு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்தில் பூச வேண்டும். சந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் முதல் பூச்சின் மேல் கண்ணாடி இழை வலையை ஒட்டி, அதன் மேல் இன்னொரு பூச்சு. அதைவிடப் பெரிய ஓட்டைக்குத் தகரத் துண்டுதான் வைக்க வேண்டும். மாஸ்டிக்கை அள்ளி அடைத்தால் காயும்போது சுருங்கி மறுபடி பிளக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மேலே பஞ்சு சுற்ற வேண்டும்.

பிளோயர் பெட்டியின் கதவு, ஃபில்டர் மூடி போன்ற, அடிக்கடித் திறக்கும் இடங்களில் மாஸ்டிக் வேண்டாம். அங்கே அலுமினிய ஃபாயில் டேப் போதும். ஃபாயில் டேப்பிலும் டக்ட் பொருள்களுக்கான தரக் குறியீடான யூஎல் 181 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எதில் தொடங்குவது? பிளோயரை ஒட்டிய இடத்தில். அங்கேதான் அழுத்தம் மிக அதிகம். அதே அளவு ஓட்டை கடைசி அறையில் இருந்தால் கசிவதைவிட இங்கே பல மடங்கு கசியும். அடுத்தது ரிட்டர்ன் முழுவதும். சில வீடுகளில் ரிட்டர்னுக்கு டக்ட்டே இருக்காது, சுவருக்குள் உள்ள வெற்றிடத்தையே காற்றுப் பாதையாக விட்டிருப்பார்கள். அது எங்கெங்கே திறந்திருக்கிறது என்பது கட்டியவருக்கே தெரியாது. அப்படி இருந்தால் உள்ளே முறையான டக்ட் போட்டுவிடுவதுதான் நல்லது. கிளை டக்ட்டுகளும் அறை கிரில்களும் அதற்குப் பிறகு.

ஃபிளெக்ஸ் டக்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் மூன்று அடுக்கு: உள்ளே காற்று ஓடும் பிளாஸ்டிக் குழாய், நடுவில் பஞ்சு, வெளியே உறை. பல இடங்களில் வெளி உறையை மட்டும், டக்ட்டை மாட்டும் தகரக் கழுத்தில் வைத்து டேப் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். உள்குழாயோ நழுவிக் கிடக்கும், காற்று முழுக்கப் பஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். உள்குழாயைக் கழுத்தின் மேல் இரண்டு அங்குலமாவது ஏற்றி, மாஸ்டிக் பூசி, பட்டை டை போட்டு இறுக்கிய பிறகுதான் பஞ்சையும் உறையையும் இழுத்து மூட வேண்டும். தொங்கி வளைந்த ஃபிளெக்ஸ் டக்ட்டில் காற்று பாதியில் திணறும், ஆகவே நாலு அடிக்கு ஒரு தாங்கி வைத்து நீட்டிக் கட்ட வேண்டும்.

வெளி உறை கிழிந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஈரக் காற்று கிழிசல் வழியாகக் குளிர்ந்த குழாயைத் தொட்டால் அங்கேயே தண்ணீராகிவிடும். பஞ்சு நனையும், சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும். மழை இல்லாத மாதத்தில் அந்த வட்டம் வந்தால் கூரைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் டக்ட்டைப் பாருங்கள். நனைந்த பஞ்சு காய்ந்தாலும் பழையபடி ஆகாது, மாற்றத்தான் வேண்டும்.

சுவருக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் கை நுழையாத டக்ட்டுகளுக்கு உள்ளிருந்தே அடைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதே பெர்க்லி ஆய்வகத்தில் மார்க் மொடேரா 1990-களில் உருவாக்கியது. கிரில்களை மூடிவிட்டுப் பசைத் துகள்களைக் காற்றோடு அனுப்பினால், அவை வெளியே ஓடப் பார்க்கும் சந்தின் ஓரத்தில் ஒட்டிச் சேர்ந்து அதை மூடிவிடும். சின்னச் சந்துகளுக்கு அருமையான வழி. கழன்று கிடக்கும் டக்ட்டை அது சேர்த்து வைக்காது, ஆகவே கையால் செய்யும் வேலை முடிந்த பிறகே அது.

ஆளில்லாத அறையின் கிரில்லை மூடினால் மிச்சமாகும் என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டக்ட்டுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கும் ஓட்டைகளில் இன்னும் வேகமாகக் கசியும். காற்று குறைந்து காயிலில் ஐஸ் கட்டவும் கூடும். இதே காரணத்துக்காக, அடைத்து முடித்த பிறகும் நாங்கள் அழுத்தம் அளப்போம். அளவு சிறிதான டக்ட் சில வீடுகளில் ஓட்டை இருந்ததால்தான் இத்தனை நாள் மூச்சுவிட்டிருக்கும். ஏசியின் திறனில் ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும், புழுக்கமான இடங்களில் 350 வரை குறைத்து வைப்பதும் உண்டு. அதற்கும் கீழே போனால் ரிட்டர்னைப் பெரிதாக்கச் சொல்வோம். அது கூடுதல் செலவுதான், இருந்தாலும் அதை மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

எங்களைக் கூப்பிடுவதாக இருந்தால் கோடை உச்சத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சீலிங்குக்கு மேலே ஆள் ஏறி வேலை செய்ய முடிவது விடியற்காலையில் மட்டுமே, பத்து மணிக்கு மேல் அங்கே இருப்பது உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கள் ஆட்கள் சீக்கிரம் வருவார்கள், வேலையும் இரண்டு மூன்று காலைகளாகப் பிரியலாம். சோதனைக்காகக் கிரில்களை மூடும்போது ஏசி ஓடக் கூடாது. மேலே ஏறும் திறப்புக்குக் கீழே உள்ள சாமான்களை நகர்த்தி வைத்து, கிரில்லுக்கு நேர் கீழே உள்ள கட்டிலையும் சோபாவையும் துணியால் மூடி வைத்தால் போதும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பஞ்சைத் தொடும் நாளை அவர்கள் வெளியே இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் டக்ட் பணிக்குழு