மாயாவிக்கு எதற்குக் கூட்டாளி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சாகச நாயகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு நாயகனுக்குப் பதில் ஆறு பேரை இறக்கிவிட்டால் கதையும் ஆறு மடங்கு சூடு பிடிக்கும் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து காமிக்ஸ் படிக்கும் எனக்கு இது ஒத்துவரவில்லை.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் மறைவார். அப்போதும் அந்த இரும்புக் கை மட்டும் வெளியே தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாய்ந்த மின்சாரத்தின் வேகம் தீர்ந்துபோனால், எதிரிகளுக்கு நடுவில் முழு ஆளாக நிற்க வேண்டியதுதான். அடுத்த மின்கம்பி எங்கே என்று அவர் தேடும் கட்டத்தில் வியர்ப்பது நமக்கு. பக்கத்திலேயே பறக்கத் தெரிந்த ஒருவரும் மலையைப் பெயர்க்கிற ஒருவரும் நின்றுகொண்டிருந்தால், அவர் எதற்குக் கம்பியைத் தேடி ஓடப் போகிறார்? குழுவில் ஒருவர் குறையை இன்னொருவர் அடைத்துவிடுவார். மாயாவிக்கு அந்தக் குறைதானே கதை!

ஸ்பைடர்மேன் ஒருமுறை குழுவில் சேரவே போனார். 1963இல் அவர் பெயரிலேயே தொடங்கிய பத்திரிகையின் முதல் இதழ் அது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் குழு இருக்கும் கட்டடத்துக்குள் நுழைந்து, ஒரு மல்லுக்கட்டும் முடிந்த பிறகு, தனக்கு என்ன சம்பளம் என்கிறார்! வீட்டில் அவ்வளவு பணமுடை. இங்கே சம்பளமெல்லாம் கிடையாது என்றதும் முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நல்லவேளை. அன்றைக்கு மாதச் சம்பளம் கிடைத்திருந்தால், அத்தைக்குத் தெரியாமல் உடை மாற்றி, காசுக்கும் அல்லாடும் அந்தப் பையன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான். ஹல்க் கதை தெரிந்ததுதான்: அதே ஆண்டு ஆரம்பித்த அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவிலிருந்து இரண்டாம் இதழிலேயே வெளிநடப்பு.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் இல்லையா என்று கேட்பீர்கள். சரி, இருக்கிறார்; வழக்கமாகக் கதையை நமக்குச் சொல்பவரே அவர்தான். ஆனால் அவர் துப்பறிவதில் பங்கு கேட்பதில்லை. நம்மோடு சேர்ந்து விழிக்கிறார், அவ்வளவுதான். ஹோம்ஸின் மண்டைக்குள் ஓடுவது கடைசிவரை அவருக்கும் தெரியாது. 1926இல், வாட்சனை விட்டுவிட்டு ஹோம்ஸே சொல்வதாக இரண்டு கதைகள் வந்தன. இரண்டும் எனக்குச் சப்பென்றுதான் இருந்தன. தனக்குத் தெரிந்ததைத் தானே மறைத்துக்கொண்டு கதை சொன்னால் எப்படி எடுபடும்?

உங்கள் இணைப்பில் படக்கதைத் தொடர் தொடங்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து ஆளைத் தனியாகவே அனுப்பிவையுங்கள். அப்புறம் வேண்டுமானால் ஒரு நாய்க்குட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகர் ஒருவர்