'ஒன்றும் ஆவதில்லை' என்பது தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் 'ஈஸ்ட்டின் மரபணுக்களில் பெரும்பாலானவை பயனற்றவை; நீக்கினாலும் ஒன்றும் ஆவதில்லை' என்ற வரியைப் படித்தேன். பணிக்காலம் முழுவதையும், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஒரு செல் பூஞ்சையான ஈஸ்ட்டை ஆராயும் ஆய்வகத்தில் கழித்த எனக்கு மனம் ஆறவில்லை.

1996-இல் வெளியான ஈஸ்ட் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் மரபுக் குறியீடு முழுவதையும், பற்றித் தாங்கள் அறியாததல்ல. சுமார் 6,000 மரபணுக்களில் ஐந்தில் நான்கு பங்கை ஒவ்வொன்றாக நீக்கினாலும், சத்து நிறைந்த வளர்ப்புக் கரைசலில் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது. அதனாலேயே அவை வீண் என்றாகிவிடுமா? பிஎஃப்கே26, பிஎஃப்கே27 என்ற மரபணுக்களில் ஒன்றை நீக்கினால் வளரும் வேகம் மாறுவதில்லை. ஆனால் செல்லுக்குள் வளர்சிதைப் பொருட்களின், அதாவது உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும்போது உண்டாகும் சிறு வேதிப்பொருட்களின், அளவுகள் மாறிவிடுகின்றன. ஸ்டீபன் ஆலிவர் உள்ளிட்ட ஈஸ்ட் ஆய்வாளர்கள் 2001-லேயே இதைக் காட்டினார்கள். அந்த மாற்றத்தை, வேலை தெரிந்த மரபணுவை இழந்த ஈஸ்ட்டின் மாற்றத்தோடு ஒப்பிட்டால் தெரியாத மரபணுவின் வேலைக்கும் துப்புக் கிடைக்கும். 2016-இல் வேறு ஆய்வாளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு நீக்கப்பட்ட 4,678 ஈஸ்ட் வகைகளில், புரதங்களின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களை அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மரபணுக்களுக்கு அந்த அமிலங்களின் உற்பத்தியில் பங்கிருந்தது.

நானும் கண்ணால் கண்டவள்தான். தட்டில் மரபணு நீக்கிய ஈஸ்ட்டும் நீக்காத ஈஸ்ட்டும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கும். மைனஸ் 40 டிகிரி மெத்தனாலில் செல்களைக் கொட்டி, அந்த நொடியிலேயே வேதிவினைகளை நிறுத்த வேண்டும். தாமதித்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் பொருளான ஏடிபியின் அளவே மாறிவிடும். விரல் மரத்துப்போகும் வேலை. அப்படிச் செய்து அளந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

முன்பு ஈஸ்ட் பற்றிய கட்டுரைக்குப் பாக்டீரியா படம் போட்டிருந்தீர்கள். சுட்டிக்காட்டி எழுதினேன், ஒரு வரி பதில்கூட வரவில்லை. இரண்டு பக்கமாக இருந்த அறிவியல் பகுதி அரைப் பக்கமாகிவிட்டது. அதிலும் 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்' என்பதோடு சரி. யார், எங்கே, எந்த ஆண்டு என்பதே இருப்பதில்லை. இராப்பகலாக உழைத்தவர்களின் பெயரைப் போட ஒரு வரி இடமில்லையா? பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள், ஐயா. இத்தனை ஆண்டுகளாகச் சந்தா கட்டுபவள் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை