கேட்காமலே ஆறுக்குப் போன பார்ட்னர்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று பதில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. முழங்கால் எப்படி? மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா?

இங்கே நாலு பேர் சேராமல் எனக்குச் சீட்டு நின்றே போயிருந்தது. பையன் டேப்லெட்டில் நம் பழைய பிரிட்ஜ் சீட்டாட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். பார்ட்னரும் கணினி, எதிராளிகள் இருவரும் கணினி. தோற்றால் யாரும் முறைப்பதில்லை, அது ஒரு நிம்மதி.

போன செவ்வாய்க்கிழமை வந்த கையைக் கேள். ஸ்பேடில் ஏஸ், ஏழு. ஹார்ட்டில் ராஜா, ஒன்பது, நாலு. டைமண்டில் ராணி, பத்து, மூன்று. கிளாவரில் ஏஸ், ஜாக், பத்து, ஒன்பது, ஆறு. பெரிய சீட்டுகளின் மதிப்பைக் கூட்டினால் மொத்தம் 14 பாயிண்ட். ஏலத்தை ஒரு நோட்ரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஆட்டம், என்று திறக்க 15 முதல் 17 வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிளாவரைப் பார்த்தால் உனக்கும் வாய் சும்மா இருக்காது. ஒரு நோட்ரம்ப் என்றேன். பார்ட்னர் கணினி நேராக ஆறு நோட்ரம்ப் என்றது, பதின்மூன்று ட்ரிக்கில் (சுற்றில்) பன்னிரண்டை எடுத்தாக வேண்டும்!

டம்மி, அதாவது பார்ட்னரின் கை, மேசையில் இறங்கியதும் அதன் பாயிண்டை எண்ணினேன். 17. நீயாக இருந்தால் நாலு நோட்ரம்ப் என்று நிறுத்தி, 'உன் கை மேலா, கீழா?' என்று கேட்டிருப்பாய். நானும் மரியாதையாக பாஸ் சொல்லியிருப்பேன். டைமண்ட் ஏஸ் எதிராளிகளிடம். அது போனால் போகட்டும், கிளாவர் ராஜா கிழக்கில் இருந்தால் பிழைத்தோம். டம்மியிலிருந்து கிளாவர் ராணியை ஓடவிட்டேன். மேற்கில் ராஜா உட்கார்ந்திருந்தது. 11 ட்ரிக், ஒன்று குறைவு.

தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. இந்த நிரல்கள் செய்வது என்ன தெரியுமா? இதுவரை நடந்த ஏலத்துக்குப் பொருந்துகிற மாதிரி மற்ற மூன்று கைகளையும் பல தடவை கற்பனையாகப் பங்கு போட்டுப் பார்க்கும். ஒவ்வொன்றையும் 52 சீட்டும் திறந்து கிடப்பதாக வைத்து ஆடி, சராசரியாக எது லாபமோ அதைக் கேட்கும். அந்தப் பங்குகளில் என் கை எப்போதும் புத்தகக் கையாகவே இருக்கும். 14-ல் ஆசைப்படுகிற கிழவன் அதில் கிடையாது.

2022 மார்ச்சில் பாரிசில் நூக் என்ற நிரல் எட்டு உலக சாம்பியன்களைவிட நன்றாகச் சீட்டு ஆடியது. ஆனால் அந்தப் போட்டியில் ஏலமே கிடையாது, எல்லாம் மூணு நோட்ரம்ப் என்று முன்பே முடிவு செய்த ஆட்டங்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆடுவது கணக்கு, ஏலம் பேச்சு. அதுவும் மொத்தம் 38 சொல் மட்டுமே உள்ள பேச்சு: 35 கேட்புகள், பாஸ், டபுள், ரீடபுள். எதிரே மனுஷன் இருந்தால், கணக்கில் அரைக்கால் பாயிண்ட் குறைந்தாலும் அவனுக்குப் புரிகிற சொல்லைச் சொல்வதும், சந்தேகம் வந்தால் முடிவை அவனிடம் விடுவதும்தான் நல்ல பார்ட்னருக்கு லட்சணம். சராசரி சொல்கிறது என்பதற்காக ஆறுக்குத் தாவினால், நான் பேச இடமே இல்லை.

அப்படியானால் என் குணத்தை அது கற்றுக்கொள்ளட்டுமே என்று பையன் சொன்னான். அங்கேதான் ஒரு சிக்கல். பழகிப் பழகி வந்த புரிதலையும் எதிராளிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது ஆட்டவிதி. பொன்மலையில் நாம் ஆடிய நாட்களில், மூன்றாவது இடத்திலிருந்து நான் பத்துப் பாயிண்டிலேயே ஏலத்தைத் திறப்பேன் என்று உனக்குத் தெரியும். எந்த எதிராளியிடமாவது சொன்னோமா? இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது.

ஒரு விஷயத்தில் கணினி நம்மைவிட யோக்கியம். நீ யோசித்துவிட்டு பாஸ் சொல்வதற்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும். நான் எத்தனை தடவை அதைப் பார்க்காத மாதிரி நடித்துவிட்டு ஒரு படி மேலே கேட்டிருக்கிறேன்! அதற்கு அந்தக் கண்ணே கிடையாது.

இப்போது கணினியோடு 14 வந்தால் ஒரு கிளாவர் என்று அடக்கமாகத் திறக்கிறேன். தையில் நீ வருவதாக எழுதியிருந்தாய். கீழ்வீட்டு டாக்டரும் அவர் மனைவியும் ஆடத் தயார். உன்னோடு 14-லேயே நோட்ரம்ப் திறப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். அவர்களிடமும் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
சந்துரு