தண்ணீர் வராத வீட்டில் வாஷிங் மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எளிமையாக வாழ்வது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அலமாரியில் இருப்பதில் பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டால் மனம் லேசாகும் என்று அதில் எழுதியிருந்தது. அலமாரியே இல்லாத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். பொருளாசை இந்தக் கடற்கரைக்குள் எந்த வழியாக வந்தது என்பதைக் கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் ஒருவர், மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் தவணையில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். தெருக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். ஆகவே துணி இன்றும் கல்லில்தான் துவைக்கப்படுகிறது. மெஷினுக்குள் ரேஷன் அரிசி மூட்டை இருக்கிறது, எலி அண்டாது என்பதால். மேலே பூ வேலை செய்த விரிப்பு, அதன்மேல் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் கூடத்தைத்தானே சுற்றி வருகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்ட நிவாரணத்தைக் கொண்டு இரண்டு மாதத்து உலையையும் பார்த்துக்கொண்டு தவணையையும் கட்டுவது எப்படி என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் வெளிச்சம். தவணைக்காரருக்குத் தடைக்காலம் கிடையாது.

இதனால் பழைய காலமே நன்று என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது உடுத்திய துணியோடு தப்பி வந்தவர்களின் வாழ்க்கையை எவரும் எளிமை என்று அழைக்க மாட்டார்கள். எளிமை என்றால், தம்பி குடியரசுத் தலைவராக டெல்லி மாளிகையில் இருந்தபோதும் இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த அப்துல் கலாமின் அண்ணனுடைய வாழ்க்கையைச் சொல்லலாம். வேண்டியதைக் கேட்டுப் பெறும் நிலையில் இருந்தும் அவர் கேட்கவில்லை. கேட்க இடமே இல்லாதவனிடம் போய், குறைவாக வைத்துக்கொள் என்று உபதேசிப்பது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

ஊரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீர்ப் பொருள்களை வண்டியில் ஏற்றி, மேளத்தோடு தெருத்தெருவாகக் காட்டிச் செல்லும் வழக்கத்தை ஊர்க் கூட்டத்தில் பேசி நிறுத்தலாம். கருப்பட்டியும் பலகாரமும் பனையோலைப் பெட்டிகளில் போன காலத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. இரண்டு கூட்டங்களில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பெண்கள் தலையசைத்தார்கள், ஆண்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள்.

தங்கள் இதழ் அடுத்த முறை எளிய வாழ்வைப் பற்றி எழுதும்போது, தவணைத் தாளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பது என்ன, ஒரு மாதம் தவறினால் அபராதம் எவ்வளவு என்பவற்றையும் எங்கள் பெண்களுக்குப் புரியும் தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.