தேவாரம் பாட உதவிய நெஞ்சங்களுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் வட்டாரத்துத் துக்க வீடுகளில் எங்களோடு உட்கார்ந்து தேவாரம் பாடிய, பாட உதவிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

முதல் நன்றி பாட்டைத் தேர்ந்து கொடுத்த பெரியவர்களுக்கு. திருவாசகத்துச் சிவபுராணம் 95 அடி. மனப்பாடமாக வருகிறவர்களுக்கு நாக்கு ஓடிவிடும், நெஞ்சு பின்தங்கிவிடும். அதனால் நான்காம் திருமுறையிலிருந்து அப்பர் சுவாமிகளின் ஒரே ஒரு பாட்டை நிறுத்திப் பாடச் சொன்னார்கள்:

கள்ளனேன் கள்ளத் தொண்டாய்க் காலத்தைக் கழித்துப் போக்கித்
தெள்ளியேன் ஆகி நின்று தேடினேன் நாடிக் கண்டேன்
உள்குவார் உள்கிற்று எல்லாம் உடனிருந்து அறிதி என்று
வெள்கினேன் வெள்கி நானும் விலாஇறச் சிரித்திட் டேனே

நினைப்பவர் நினைப்பதையெல்லாம் இறைவன் கூடவே இருந்து அறிகிறான். அது தெரிந்ததும் அப்பருக்கு முதலில் வெட்கம். அடுத்த நொடியே விலா ஒடியச் சிரிப்பு. மறைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனவனின் சிரிப்பு அது. துக்க வீட்டில் இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்பது எங்கள் எண்ணம். போனவர் மேல் இருக்கும் கோபம், நெடுநாள் நோய் முடிந்ததில் வரும் நிம்மதி, இதையெல்லாம் சொந்தக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லாமலே அவனுக்குத் தெரியும்.

அடுத்து, பாட்டுத் தாள் செய்தவர்களுக்கு. 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிய ட்ரூரோ கப்பல் இங்கே வந்து இத்தனை தலைமுறை ஆகிவிட்டது. நம்மில் பலர் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில்தான் படிக்கிறோம். அதில் லகரமும் ளகரமும் ஒன்றாகி, 'கள்ளனேன்' 'கல்லனேன்' ஆகும். நெடில் குறி விட்டுப்போனால் 'நாடி' 'நடி' ஆகி, இறைவனைத் தேடிக் கண்டவர் நடிப்பவராகிவிடுவார். ளகரத்துக்கு அடியில் கோடு, நெடிலுக்கு மேலே கோடு என்று வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தீர்கள். 'விலா இற' என்று பிரித்துப் போட்டீர்கள். சேர்த்து எழுதினால் 'இற' விழுங்கப்பட்டு, பொருளே போய்விடும். எழுத்து 16 புள்ளி அளவில், பக்கத்துக்கு ஒரு பாட்டு, அதன் கீழேயே ஆங்கிலத்தில் பொருள். பின்பக்கத்தில் பொருளைப் போட்டால் தாளைத் திருப்பும் சத்தத்தில் மூன்றாம் அடி தவறிவிடும். அந்த அடிதானே உயிர்!

ஹார்மோனியத்தைப் பழுது பார்த்த ஐயாவுக்கும் நன்றி. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஒலி எழுப்பும் பித்தளை ரீடு களிம்பேறும், மரக்கட்டை உப்பிச் சிக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். மின்வெட்டு நேரத்தில் மின்சுருதிப் பெட்டி ஊமையாகிவிடும். துருத்தி இருந்தால் கவலையில்லை.

சுருதி பற்றிச் சொல்லித் தந்த அக்காவை மறக்க முடியாது. ஆண்களுக்கு ஒரு கட்டை சுருதி, பெண்களுக்கு ஐந்து கட்டை சுருதி என்பது பொது வழக்கு. இரு பக்கமும் ஒரே சுருதியில் பாடினால் ஒரு பக்கம் தொண்டை இறுகும். ஓரடியை ஒருவர் சொல்ல மற்றவர்கள் தங்களுக்கு எட்டும் குரலில் திருப்பிச் சொல்வது என்று அவர் வைத்த முறைதான் இன்றும் நடக்கிறது. கைதட்டலும் வேண்டாம் என்றார். பஜனைப் பழக்கத்தில் தட்டத் தொடங்கினால் வேகம் ஏறி, 'வெள்கினேன்' என்ற இடத்தில் நிற்க முடியாமல் போய்விடும். அங்கே ஒரு மூச்சு நிற்க வேண்டும்.

பாய் விரித்தவர்கள், காரில் முதியவர்களை ஏற்றி இறக்கியவர்கள், பதினாறாம் நாள் சமையலுக்கு நடுவிலும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பாடிய அம்மாமார், எல்லோருக்கும் எங்கள் நன்றி. திருத்திய தாள் வேண்டுவோர் கோவில் வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் 'நடி' இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
வீடுதோறும் தேவாரம் பாடும் குழுவினர்
சாட்ஸ்வர்த், டர்பன்